ஓடுபாதையில் ஜாயிண்ட் பிளந்தால் குற்றவாளி யார்?

அகமதாபாத் விமான நிலையத்தின் மூன்றரை கிலோமீட்டர் ஓடுபாதைக்கு 75 நாட்களில் புதிய தார்ப் பரப்பு போட்டு முடித்துவிட்டதாக 2022ம் ஆண்டில் அதானி நிறுவனம் தம்பட்டம் அடித்தது. பத்திரிகைகள் அதைச் சாதனைச் செய்தியாக வெளியிட்டன. விமான நிலையங்களைத் தனியாருக்குத் தாரை வார்ப்பதை ஆதரிக்கும் கனவான்களுக்கு அன்றுமுதல் இது ஒரு ஆயுதமாகிவிட்டது. சர்க்கார் கையில் இருந்தால் இந்த வேகம் வருமா என்று கேட்கிறார்கள்.

சரி, கணக்கே பேசுவோம். அந்த ஓடுபாதையில் எத்தனை கிலோமீட்டர் ஜாயிண்ட் இருக்கிறது? அந்த ஜாயிண்டிலிருந்து வெட்டி எடுத்த சோதனைத் துண்டுகளின் அடர்த்தி என்ன? 75 நாள் என்று மார்தட்டுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஏன் பக்கத்தில் வைப்பதில்லை? அங்கே போட்ட ஜாயிண்ட் நன்றாகவே இருக்கலாம். அதுவல்ல நமது கேள்வி. ஓடுபாதை எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை நாள் கணக்கு தீர்மானிக்கிறதா, ஜாயிண்ட் தீர்மானிக்கிறதா? இதை விளங்கிக் கொண்டால்தான், யாருடைய வேகம், யாருக்காக வேகம் என்பதும் விளங்கும்.

பள்ளியிறுதி வகுப்போடு நின்றுவிட்ட கட்சி ஊழியனுக்கு ஓடுபாதையில் என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். தார் ரோடு எந்த இடத்தில் முதலில் பிளக்கிறது என்று பார்க்கப் பட்டம் தேவையில்லை. எந்த ஊர் ரோட்டிலும் நின்று குனிந்து பார்த்தால் போதும்.

தறியின் அகலமும் துணியின் தையலும்

தறியின் அகலம் போதாதபோது இரண்டு துண்டுகளை நெய்து நடுவில் தைக்கிறோம். துணி முதலில் பிரிவது அந்தத் தையலில்தான். ஓடுபாதையும் அப்படியே. பெரிய விமானங்கள் இறங்கும் ஓடுபாதையின் அகலம் சாதாரணமாக 45 மீட்டர். சுடச்சுடத் தார்க் கலவையைப் பரப்பும் பேவர் இயந்திரம் ஒரே வீச்சில் 45 மீட்டரைப் பரப்பாது. பட்டை பட்டையாகத்தான் போட முடியும். ஒரு பட்டை ஏழரை மீட்டர் என்று வைத்துக் கொண்டால் ஆறு பட்டைகள், அவற்றுக்கு இடையே ஐந்து தையல்கள். மூன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஐந்து தையல் என்றால் ஒரு அடுக்குக்கு மட்டும் பதினேழரை கிலோமீட்டர் ஜாயிண்ட்! இது நீளவாக்கில். ஒவ்வொரு நாள் வேலையும் நிற்கிற இடத்தில் குறுக்குவாக்கில் விழும் ஜாயிண்டுகள் இதற்கு மேல்.

தையல் ஏன் பலவீனம்? புட்டுக் குழாயில் மாவை அடைத்தால் அது இறுகி நிற்கும். அதே மாவைத் தட்டில் கொட்டி அழுத்தினால் நடுவில் இறுகும், ஓரம் சரிந்து உதிரும். முதல் பட்டையின் ஓரத்துக்கு அணைவு இல்லை. ரோலர் ஏறும்போது கலவை இறுகுவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. பிறகு இரண்டாவது பட்டை வந்து அதன்மேல் சாய்கிறது. புதியது ஏறக்குறைய 150 டிகிரிச் சூட்டில் இருக்கிறது. பழையது ஆறிக் கிடக்கிறது. சூடும் குளிரும் ஒட்டுவதில்லை. நமது நெடுஞ்சாலை விதிகளிலேயே, வி.ஜி.–30 ரகத் தாரில் போட்ட கலவையை 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்கு முன்னால் உருட்டி முடித்தாக வேண்டும் என்று இருக்கிறது. ஆறிப்போன ஓரத்தின் மேல் எத்தனை தடவை ரோலர் ஓட்டினாலும் அது இறுகாது.

இறுகாத இடத்தில் காற்றறைகள் அதிகம். அதன் வழியாக மழைநீர் இறங்குகிறது. வெயிலும் காற்றும் புகுந்து தாரை வறட்டுகின்றன. கல்லைப் பிடித்துக் கொண்டிருக்கும் பசை செத்துப் போகிறது. அதன்மேல் விமானச் சக்கரம் ஏறுகிறது. லாரி டயரின் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கு அக்கம்பக்கம். ஜெட் விமானத்தின் டயரில் 200 பவுண்டு. கல் பெயர்கிறது. ரோட்டில் பெயர்ந்த கல் சைக்கிள்காரனைச் சறுக்கி விடும். ஓடுபாதையில் பெயர்ந்த கல்லை ஜெட் எஞ்சின் உறிஞ்சிக் கொள்ளும்.

ஓடுபாதையில் கிடக்கும் அற்பப் பொருள் என்ன செய்யும் என்பதை உலகம் 2000ம் ஆண்டு ஜூலை 25ந் தேதி பாரிசில் பார்த்தது. முன்னால் சென்ற விமானத்திலிருந்து விழுந்த ஒரு உலோகத் தகடு கன்கார்டு விமானத்தின் டயரைக் கிழித்தது. விமானத்தில் இருந்த 109 பேரும் தரையில் இருந்த 4 பேரும் மாண்டார்கள். அது தார்க் கல் அல்ல, தகடு. ஆனால் ஓடுபாதையைச் சுத்தமாக வைத்திருப்பது அழகுக்காக அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

“ஜாயிண்ட் என்றால் பிளக்கத்தான் செய்யும்”

இது காண்டிராக்டர்களின் வேதவாக்கு. தலையெழுத்து மாதிரிப் பேசுகிறார்கள். சுத்தப் புரட்டு! பரிகாரம் தெரியாத வியாதி அல்ல இது. இரண்டு மூன்று பேவர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கட்டு வரிசையில் ஓட்டினால், பக்கத்துப் பட்டை ஆறுவதற்குள் அடுத்தது சேர்ந்துவிடும். இரண்டு பட்டையையும் ஒரே சூட்டில் உருட்டலாம். மேலே சொன்ன ஆறு பட்டைகளை இரண்டு பேவர் சேர்ந்து போட்டால் ஆறிய தையல் ஐந்து இரண்டாகக் குறையும். மூன்று பேவர் வந்தால் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும்.

அப்படி முடியாத இடத்தில், ஆறிய ஓரத்தை வெட்டி எறிய வேண்டும். இறுகாமல் சரிந்து கிடக்கும் ஓரத்தைச் செங்குத்தாக அறுத்து, துப்புரவு செய்து, அந்த முகத்தில் தார்ப் பசை பூசி, அதன்பின் அடுத்த பட்டையைச் சேர்க்க வேண்டும். மேல் அடுக்கின் தையல் கீழ் அடுக்கின் தையலுக்கு நேர் மேலே விழாமல் ஒரு அடியாவது தள்ளி விழ வேண்டும். கொத்தனார் செங்கல் வரிசையில் செய்கிற அதே காரியந்தான்.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் செய்வதில்லை? வெட்டி எறிவது யாருடைய பணம்? அங்கேதான் ரகசியம் இருக்கிறது. 5 சென்டிமீட்டர் கனமுள்ள பட்டையின் ஓரத்தில் 75 மில்லிமீட்டர் அகலம் வெட்டினால், மூன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 31 டன் கலவை குப்பைக்குப் போகும். ஐந்து தையலுக்கு 150 டன்னுக்கு மேல். கல்லும் தாரும் வாங்கி, காய்ச்சி, லாரியில் ஏற்றி, பரப்பி, உருட்டிய பிறகு வெட்டிக் கொட்ட வேண்டும்! எந்தக் காண்டிராக்டர் மனமுவந்து செய்வான்? மூன்று பேவரை ஒன்றாக ஓட்டுவதென்றால் மூன்று இயந்திரத்துக்கு வாடகை, மூன்றுக்கும் இடைவிடாமல் கலவை அனுப்பக் கூடிய பெரிய கலவை ஆலை, லாரி வரிசை. எவன் குறைந்த தொகை எழுதுகிறானோ அவனுக்கே டெண்டர் என்ற விதியை வைத்துவிட்டு, அவன் மூன்று பேவரோடு வருவான் என்று எதிர்பார்ப்பது ஏமாளித்தனம். குறைந்த தொகை எழுதியவன் லாபத்தை எங்கே தேடுவான்? கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தேடுவான். ஜாயிண்டைப் போலக் கண்ணுக்குத் தெரியாத இடம் வேறு எது? வேலை முடிந்த அன்று எல்லா ஜாயிண்டும் கருகருவென்று அழகாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் போனபிறகுதான் அதன் யோக்கியதை தெரியும். அதற்குள் பில் பாஸாகிவிடும்.

“தொழிலாளி சரியில்லை”

பிளவு கண்ட பிறகு இன்னொரு பாட்டுப் பாடுகிறார்கள். ரேக் பிடித்தவன் சோம்பேறி, ரோலர் ஓட்டியவன் கவனமில்லாதவன்!

இதற்கு ஒரு பதில் நம் நாட்டில் பிறந்த இஞ்சினியர் ஒருவரின் ஆராய்ச்சியிலேயே இருக்கிறது. 1990களில் பிரித்வி சிங் காந்தலும் அவருடைய சகா மல்லிக்கும் அமெரிக்காவில் மிச்சிகன், விஸ்கான்சின், கொலராடோ, பென்சில்வேனியா ஆகிய நான்கு மாகாணங்களின் நெடுஞ்சாலைகளில் 30 சோதனைப் பகுதிகளில் பல விதமாக ஜாயிண்ட் போட்டதைக் கவனித்தார்கள். அடர்த்தி அதிகமாக அமைந்த ஜாயிண்டுகளே பொதுவில் நன்றாக உழைத்தன. அடர்த்தியைக் கூட்டும் முறைகளில் ஓரத்தை வெட்டும் முறையும், ஓரத்தை அணைத்துப் பிடிக்கும் கருவியும் இருந்தன. ஆனால் இவை இரண்டும் இயந்திரத்தை இயக்குகிறவனின் கைத்திறனைப் பெரிதும் பொறுத்தவை என்பதும் அவர்கள் கண்ட முடிவு. ஒரு வேலையில் நன்றாக வந்தது இன்னொரு வேலையில் வராமல் போகலாம்.

கைத்திறன்! இந்த ஒரு வார்த்தையில் காண்டிராக்ட் முறையின் முழு அநியாயமும் அம்பலமாகிறது. இரண்டாவது பட்டையைப் பழைய பட்டையின் மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஏற்றிப் போட வேண்டும். ஏறிய கலவையை ரேக்கால் தையலின் மேலேயே ஒதுக்கிவிட வேண்டும். வாரி இறைத்தால் ஜாயிண்டில் கலவை குறைந்து பள்ளம் விழும், இறைத்த இடத்தில் பெருங்கற்கள் துருத்தும். ரோலர் எந்தப் பக்கத்திலிருந்து ஏற வேண்டும், எத்தனை அங்குலம் எட்ட வேண்டும் என்பதைச் சில நிமிடங்களில் தீர்மானிக்க வேண்டும். இந்தக் கை ஒரு நாளில் வராது. பத்து ஓடுபாதை பார்த்த தொழிலாளிக்கு வரும். ஆனால் பத்து ஓடுபாதை பார்க்க அவனை விடுகிறார்களா? வேலை முடிந்ததும் கணக்கு முடித்து அனுப்புகிறார்கள். அடுத்த ஊரில் அடுத்த சப்–காண்டிராக்டர் புதிய ஆட்களைப் பிடிக்கிறான். திறமையை ஒவ்வொரு தடவையும் தெருவில் எறிந்துவிட்டு, திறமை இல்லை என்று புலம்புவது என்ன நியாயம்?

சட்டமாவது பாதுகாக்குமா? 1970ம் ஆண்டு காண்டிராக்ட் தொழிலாளர் சட்டம் 20 தொழிலாளர்கள் இருந்தாலே காண்டிராக்டரைக் கட்டுப்படுத்தியது. 2025 நவம்பர் 21ந் தேதி அமுலுக்குக் கொண்டுவந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எண்ணை 50 ஆக்கிவிட்டது. ஒரு பேவரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். 50 எங்கே வரும்? நூறு பேர் வேலையை மூன்று சப்–காண்டிராக்டர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் சட்டத்துக்கு ஒரே கும்பிடு!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மங்களூர் ஓடுபாதையில் 2023 ஜனவரி 27 முதல் மே 31 வரை காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு மணிவரை மூடி வேலை நடத்துவதாகத் திட்டமிட்டார்கள். பகலில் போட்டால் கலவை மெதுவாக ஆறும், ஜாயிண்டுக்கு நல்லதுதான். ஆனால் கரையோரத்துக் கோடை வெயிலில், 150 டிகிரிக் கலவையின் பக்கத்தில் ரேக் பிடித்து நிற்பவன் மனிதன். அவனுக்கு எத்தனை மணி நேரத்துக்கு ஒரு மாற்று ஆள், எங்கே நிழல், எங்கே தண்ணீர் என்பதும் ஜாயிண்டின் தரத்தைச் சேர்ந்த விஷயம். மயங்கி விழுகிற நிலையில் இருப்பவனிடம் இரண்டரை சென்டிமீட்டர் துல்லியத்தை எப்படிக் கேட்பீர்கள்?

மணிக் கணக்கில் விற்கப்படும் ஓடுபாதை

ஓடுபாதையை மாதக் கணக்கில் முழுவதுமாக மூடி வேலை செய்ய வசதியுள்ள நிலையங்கள் குறைவு. வருமானம் நிற்கும். ஆகவே சில மணி நேரம் மூடுவது, வேலை செய்வது, மறுபடி திறப்பது. மும்பையில் இரண்டு ஓடுபாதைகளும் குறுக்கே வெட்டிக் கொள்கின்றன. 2019 பிப்ரவரி 7 முதல் மார்ச் 30 வரை, செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் மட்டும், காலை 11 முதல் மாலை 5 வரை அந்தச் சந்திப்பை மூடினார்கள். ஆறு மணி நேரம்! பழைய பரப்பைச் சுரண்டுவது, துடைப்பது, பசை தெளிப்பது, புதிய கலவையைப் பரப்புவது, உருட்டுவது, ஆற வைப்பது, கோடு போடுவது, ஒரு கல்கூட இல்லாமல் பெருக்குவது எல்லாம் இந்த மாதிரி நேரத்துக்குள் அடங்க வேண்டும்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில் இதற்குத் தெளிவான வழிமுறை உண்டு. மேல் அடுக்கு போடும்போது ஒவ்வொரு வேலை நேரத்திலும் ஓடுபாதையின் முழு அகலத்தையும் முடித்துவிட வேண்டும். நிறுத்துகிற இடத்தில் படி விழாமல் சரிவு கொடுக்க வேண்டும்: 5 சென்டிமீட்டர் கனம் வரை அரை சதவீதம் முதல் ஒரு சதவீதம் வரை, அதற்கு மேல் கனமானால் அரை சதவீதத்துக்கு மிகக் கூடாது. அதாவது 5 சென்டிமீட்டருக்கு ஐந்து மீட்டராவது சரிவு. மறுநாள் வந்து அந்தச் சரிவை வெட்டி எடுத்து, நல்ல முகம் கண்டு, அங்கே குறுக்கு ஜாயிண்டைச் சேர்க்க வேண்டும். இந்த வெட்டுக்கு நேரம் வேண்டும். மணி அடித்தால் விமானம் இறங்கும் என்ற நிலையில் எது முதலில் கைவிடப்படும் என்று வாசகர்களே யோசித்துப் பாருங்கள்.

எத்தனை மணி நேரம் மூடுவது என்பதை இன்று தீர்மானிப்பது கட்டண வருமானம். ஜாயிண்ட் கேட்கிற நேரம் எவ்வளவு என்று கணக்கிட்டு அதன்பின் மூடும் நேரத்தை நிர்ணயிப்பதே நியாயமான முறை.

அமெரிக்காவில் இருக்கும் விதி இங்கே ஏன் இருக்கக் கூடாது?

அமெரிக்க முதலாளித்துவத்தைப் பற்றி நமக்கு எந்த மயக்கமும் கிடையாது. ஆனால் அங்கேயுள்ள சமஷ்டி விமானப் போக்குவரத்து நிர்வாகம் தன் காண்டிராக்டர்களை நம்பவில்லை. அதன் 2018ம் ஆண்டு விதித்தொகுப்பின் பி–401 என்ற பகுதி ஜாயிண்டைத் தனியாக அளக்கச் சொல்கிறது. காற்றறையே இல்லாத முழு அடர்த்தியை 100 என்று வைத்தால், நடுப்பரப்பில் எல்லை 92.8, ஜாயிண்டில் 90.5. ஜாயிண்டின் மேலேயே துளைத்துத் துண்டு எடுக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் திறந்து கிடந்த ஓரம், அல்லது 80 டிகிரிக்குக் கீழே ஆறிய ஓரம், அல்லது சிதைந்த ஓரம் வெட்டப்பட்டாக வேண்டும். சோதனைத் துண்டுகளைக் கொண்டு கணக்கிடும் தேர்ச்சி விகிதம் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் வேலையை நிறுத்திவிட்டுக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். 71க்குக் கீழே போனால் அந்தப் பகுதிக்கான பணத்தில் ஐந்து சதவீதப் புள்ளிகள் வெட்டு.

பணத்தில் வெட்டு விழும் என்றால்தான் காண்டிராக்டருக்கு ஜாயிண்ட் கண்ணில் படும். நடுப்பரப்பையும் ஜாயிண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி பார்த்தால், நல்ல நடுப்பரப்பின் முதுகுக்குப் பின்னால் ஓட்டை ஜாயிண்ட் ஒளிந்து கொள்ளும்.

ஐம்பது வருஷக் குத்தகையும் ஒற்றை எண்ணும்

இப்போது தனியார்மய பக்தர்களிடம் வருவோம். 50 வருஷத்துக்குக் குத்தகை எடுத்தவன் தன் ஓடுபாதையைத் தானே நன்றாகப் பார்த்துக் கொள்ளமாட்டானா என்கிறார்கள். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. 2019 பிப்ரவரியில் அகமதாபாத், ஜெய்ப்பூர், லக்னோ, திருவனந்தபுரம், கௌஹாத்தி, மங்களூர் ஆகிய ஆறு நிலையங்களுக்கு ஏலம் நடந்தது. ஆறும் ஒரே அதானிக்குப் போயின. வெற்றியைத் தீர்மானித்தது எது? ஒரு பயணிக்கு எத்தனை ரூபாய் தருவாய் என்ற ஒற்றை எண். திருவனந்தபுரத்தில் கேரள சர்க்காரின் நிறுவனம் 135 ரூபாய் எழுதியது, அதானி 168 எழுதினார். நிலையம் அவருக்குப் போயிற்று. ஓடுபாதையை யார் நன்றாகப் பராமரிப்பார் என்பதற்கு அந்த எண்ணில் இடம் ஏது?

பராமரிப்புச் செலவும் முதலாளியின் சட்டைப் பையிலிருந்து போவதில்லை. பெரிய நிலையங்களின் கட்டணத்தை நிர்ணயிக்க 2008ம் ஆண்டுச் சட்டப்படி ஒரு ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. ஓடுபாதைச் செலவு அந்தக் கட்டணக் கணக்கில் ஏறுகிறது. பரப்பு சீக்கிரமே பெயர்ந்து மறுபடி போட நேர்ந்தால், ஆணையம் கறாராக நின்றாலொழிய, அந்தச் சுமை விமானக் கட்டணத்தின் வழியாகப் பயணியின் தலையில் விழும். 50 வருஷ அக்கறை என்பது இவ்வளவுதான்.

இந்திய விமான நிலைய ஆணையம் மட்டும் யோக்கியமா என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்கட்டும். ஆணையமும் இதே டெண்டர், இதே காண்டிராக்டர், இதே கூலி ஆட்களைக் கொண்டுதான் வேலை வாங்குகிறது. அதையும் நாம் கண்டிக்கிறோம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஆணையத்தின் சோதனை அறிக்கையைப் பாராளுமன்றத்தில் கேட்கலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், தணிக்கை அதிகாரி கேட்கலாம். தனியார் நிலையத்திடம் கேட்டால் வியாபார ரகசியம் என்று கதவைச் சாத்த வழி இருக்கிறது. 2006 பிப்ரவரி முதல் தேதி டில்லி, மும்பை நிலையங்களைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து ஆணையத்தின் ஊழியர்கள் நாடெங்கும் வேலை நிறுத்தம் செய்தார்கள். சம்பளப் போராட்டம் என்று அன்று சிறுமைப்படுத்தப்பட்ட அந்த நான்கு நாட்களில், தேசத்தின் ஓடுபாதைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் அடங்கியிருந்தது.

2021 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் வெளியிட்ட பணமாக்கல் பட்டியலில் 25 விமான நிலையங்கள் இருந்தன. சென்னை, திருச்சி, மதுரை, கோவை நான்கும் அதில் அடக்கம். ஆகவே தமிழ்நாட்டுக்கு இது தூரத்து விவகாரம் அல்ல. குத்தகைக்கு விடும் திட்டத்தையே நாம் எதிர்க்கிறோம். அத்துடன், ஓடுபாதை எவர் கையில் இருந்தாலும், ஜாயிண்டின் அடர்த்திக்கு டெண்டரில் தனி விதியும் தனிப் பணவெட்டும் வேண்டும். எத்தனை பேவர் ஓட வேண்டும், எத்தனை மணி நேரம் மூட வேண்டும் என்பதை டெண்டர் கேட்பதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். பேவர், ரோலர், ரேக் வேலையில் தேர்ந்த தொழிலாளர்களை ஆணையமே நிரந்தரமாக வைத்துக் கொள்ள வேண்டும். ஜாயிண்டில் துளைத்தெடுத்த ஒவ்வொரு துண்டின் எண்ணையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். இந்த நான்கு ஊர்களின் பாராளுமன்ற உறுப்பினர்களும், எந்தக் கட்சியானாலும், அடுத்த கூட்டத் தொடரில் ஒரு கேள்வி போடட்டும்: கடைசியாகப் பரப்பு போட்டபோது எங்கள் ஊர் ஓடுபாதையின் ஜாயிண்டில் எத்தனை துண்டு எடுத்தீர்கள், எத்தனை தேறியது, தேறாததற்கு எவனுடைய பில்லில் எவ்வளவு பிடித்தீர்கள்?